நந்தினி குற்றவாளியா?

1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' இன்றும் இல்லங்களில் வாதத்தை எழுப்புகின்றது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்? நந்தினி குற்றவாளியா, வஞ்சிக்கப்பட்டவளா? அன்றே வாசகர்கள் எழுப்பிய வினாக்களுக்கு ஆசிரியர் முடிவுரையில் விடை கூற நேர்ந்தது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் மணிரத்தினத்தின் திரைப்படங்கள் வெளிவந்தபின், எங்கள் தியாகதுருகத்துக் குடும்பங்களிலும் இதே வழக்குத்தான்!

காட்டுமன்னார்கோவிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் எனக் குறிக்கின்றது. நந்தினியோ கற்பனைப் பாத்திரம். ஆயினும் அவளுக்காகப் பரிந்து பேசுவோர் பலர். ஏனெனில் அவள் பட்ட துயரை ஆசிரியர் நமக்குக் காட்டிவிட்டார்.

அண்டை வீட்டாரின் துயரை எடுத்துக்காட்ட எந்த ஆசிரியரும் இல்லை. அவர்கள்மீது தீர்ப்புக் கூறுமுன், நாமே சென்று கேட்டறிய வேண்டாமா?