செருப்பைக் கழற்றிவிட்டுப் போகும் ஆபீஸ்
சம்பளம் வாங்கும் ஊர் – 9

காலை ஒன்பதரை மணிக்குக் கந்தன்சாவடி நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும் கூட்டம் இரண்டாகப் பிரியும். கழுத்தில் டேக் தொங்குகிறவர்கள் கண்ணாடிக் கட்டடங்களின் பக்கம் போவார்கள். கேட்டில் பையைத் திறந்து காட்டி, கார்டைத் தேய்த்து, லிஃப்டுக்கு வரிசையில் நிற்பார்கள். மற்றவர்கள் ஓ.எம்.ஆர். சாலையைக் கடந்து கொட்டிவாக்கத்தின் குறுக்குத் தெருக்களுக்குள் நுழைவார்கள். மெடிக்கல் ஷாப்புக்கும் டிபன் கடைக்கும் நடுவே ஒரு மாடிப்படி. ஏறிப்போனால் வாசலில் பதினைந்து ஜோடி செருப்பு கிடக்கும். உள்ளே, குடித்தனம் இருக்கக் கட்டிய மூன்று பெட்ரூம் வீடு. ஹாலில் டெவலப்பர்கள், பெரிய பெட்ரூமில் எம்.டி., சமையலறை மேடையில் காபி மெஷின், பக்கத்திலேயே இன்டர்நெட் ரவுட்டர்.

சென்ற வாரம் கேம்பஸ் இன்டர்வியூ பற்றி எழுதியதிலிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: கையில் இரண்டு ஆஃபர் இருக்கிறது, பெரிய கம்பெனியா, சின்ன கம்பெனியா?

பெற்றோருக்கு இதில் குழப்பமே கிடையாது. பெரிய கம்பெனிதான். அவர்கள் காரணங்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். கடன் கொடுக்கும் வங்கிகள் கம்பெனிகளைத் தரம் பிரித்துப் பட்டியல் வைத்திருக்கின்றன. பட்டியலில் மேலே இருக்கும் கம்பெனியின் பே ஸ்லிப்பைக் காட்டினால் கடன் சுலபமாகக் கிடைக்கும். வீட்டு ஓனர் முதலில் கேட்பது ‘எந்தக் கம்பெனி தம்பி?’ என்றுதான். பெண் பார்க்கப் போன இடத்தில் கம்பெனிப் பெயரைச் சொல்லி, அது என்ன செய்கிறது என்று விளக்கவும் வேண்டியிருந்தால், அந்தச் சம்பந்தம் பாதி கலைந்த மாதிரிதான்.

பிள்ளைகளின் பதில் வேறு. ‘ஃபிரஷ்வொர்க்ஸில் சேர்ந்தவர்களைப் பாருங்கள்’ என்பார்கள். பார்ப்போம். கொட்டிவாக்கத்துக்கு எதிர்ப்பக்கம், பெருங்குடியில் வளர்ந்த கதைதானே அது.

திருச்சிக்காரர் கிரீஷ் மாத்ருபூதம் ஸோஹோவில் பல ஆண்டுகள் இருந்தவர். 2010-ல் அந்த வேலையை விட்டுவிட்டு, நண்பர் ஷான் கிருஷ்ணசாமியுடன் சேர்ந்து ஃபிரஷ்டெஸ்க் என்ற கம்பெனியைத் தொடங்கினார். வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் மென்பொருள்தான் சரக்கு. விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு தொடங்கிய அந்தக் கம்பெனிக்கு முதலில் பணம் கட்டிய வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரு கல்லூரி. 2017-ல் பெயர் ஃபிரஷ்வொர்க்ஸ் ஆனது. 2021 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பங்கு பட்டியலானது. வெளியிட்ட விலை 36 டாலர். முதல் நாள் முடிவில் 47 டாலரைத் தாண்டியிருந்தது. ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆகிவிட்டார்கள், அவர்களில் 70 பேர் அளவுக்கு முப்பது வயதுக்குள் இருப்பவர்கள் என்றார் கிரீஷ். அந்த வாரம் ஓ.எம்.ஆர். டீக்கடைகளில் வேறு பேச்சு இருந்திருக்காது.

கதையின் மிச்சத்தை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. சில மாதங்களிலேயே அந்தப் பங்கு 36 டாலருக்குக் கீழே இறங்கிவிட்டது. 2024 நவம்பரில் 660 பேரை, அதாவது மொத்த ஊழியர்களில் 13 சதவீதத்தினரை, கம்பெனி வெளியே அனுப்பியது. அதே சமயத்தில்தான் 40 கோடி டாலருக்குத் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கும் திட்டத்தையும் அறிவித்தது. சின்ன கம்பெனி ஜெயித்தால் பெரிய கம்பெனி ஆகிவிடும். ஆனபின் பெரிய கம்பெனிகள் செய்வதைத்தான் செய்யும். முதல் வருஷம் சேர்ந்தவருக்கும் பத்தாவது வருஷம் சேர்ந்தவருக்கும் ஒரே கட்டடம், ஒரே டேக். கையில் வந்த பணம் மட்டும் ஒன்றல்ல.

எனவே ஈசாப் என்னும் பங்குரிமையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். ஆஃபர் லெட்டரில் ‘ஆயிரம் ஆப்ஷன்கள்’ என்று போட்டிருந்தால் அது இன்னும் பங்கு ஆகவில்லை. சட்டப்படி குறைந்தது ஓராண்டு கழிந்த பிறகே உரிமை உங்கள் பக்கம் வரும். வழக்கமாக நான்கு ஆண்டுகளில் தவணை தவணையாக வரும். வேலையை விட்டால் பல கம்பெனிகளில் மூன்று மாதத்துக்குள் பணம் கட்டி வாங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் போச்சு. வாங்கினாலும் உடனே வரி உண்டு. ஒரு ஆப்ஷனுக்கு நீங்கள் கட்டும் விலை 10 ரூபாய், அன்றைய மதிப்பு 500 ரூபாய் என்றால், ஆயிரம் ஆப்ஷனுக்கு 4,90,000 ரூபாய் உங்கள் சம்பளத்தில் சேர்த்துக் கணக்கிடப்படும். 30 சதவீத வரி வரம்பில் இருந்தால் சுமார் 1,47,000 ரூபாய் வரி. பங்கை விற்கச் சந்தை இல்லை, கையில் ஒரு ரூபாய் வரவில்லை, வரி மட்டும் நிஜம். அரசின் சான்று பெற்ற சில ஸ்டார்ட்அப்களுக்கு இதைத் தள்ளிப்போட 2020 முதல் சலுகை உண்டு. உங்கள் கம்பெனிக்கு அது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஈசாப்பின் மதிப்பு பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு மீதிச் சம்பளத்தைப் பாருங்கள். அது கட்டுபடியானால் சேருங்கள்.

சரி, பெரிய கம்பெனி பத்திரமா? 2014 கடைசியில் டி.சி.எஸ். ஆட்களைக் குறைக்கத் தொடங்கியபோது, சென்னையில் கர்ப்பிணியான ஒரு ஊழியர் உயர் நீதிமன்றம் போனார். 2015 ஜனவரியில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கம்பெனி அவர் நீக்கத்தைத் திரும்பப் பெற்றது. 2025 ஜூலையில் அதே கம்பெனி, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட தன் ஊழியர்களில் 2 சதவீதத்தினரை, ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாகச் சொன்னது. இன்ஃபோசிஸ் 2022-ல் ஆஃபர் கொடுத்த பலரை இரண்டு வருஷம் காக்க வைத்தது. சேர்ந்தவர்களிலும் சில நூறு பயிற்சியாளர்களைத் தேர்வில் தேறவில்லை என்று 2025 பிப்ரவரியில் மைசூரு வளாகத்திலிருந்து அனுப்பியது. அளவு பெரிது என்பதற்காக யாருடைய நாற்காலியும் கெட்டியாகிவிடாது.

ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. அதைச் சட்டமே தலையை எண்ணி வகுத்திருக்கிறது. பத்துப் பேர் வேலை செய்தால் கிராஜுவிட்டி பொருந்தும். 26 வாரப் பேறுகால விடுப்பும் பொருந்தும். பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க அலுவலகத்துக்குள்ளேயே குழு அமைப்பது கட்டாயம். இருபது பேர் என்றால் பி.எஃப். ஐம்பது பேர் என்றால் குழந்தைகள் காப்பகம். கொட்டிவாக்கம் மாடியில் எட்டுப் பேரோடு நடக்கும் கம்பெனியில் ஒரு பெண் சேர்ந்தால், இவற்றில் எதையும் சட்டப்படி அங்கே கேட்க முடியாது. தொல்லைப் புகாருக்கு மாவட்ட அளவிலான குழுவிடம்தான் போக வேண்டும். முதலாளி நல்லவராக இருக்கலாம். இருந்தால் அது அவர் குணம், உங்கள் உரிமை அல்ல. வாசலில் செருப்பை எண்ணுங்கள் என்று நான் சொல்வது வேடிக்கைக்கு அல்ல.

தொகை எவ்வளவு என்றும் பார்த்துவிடலாம். அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபாயில் ஐந்து வருஷம் முடித்தவருக்குக் கிராஜுவிட்டி 86,538 ரூபாய். ‘சி.டி.சி.’ என்று ஆஃபரில் போடும் பெரிய எண்ணுக்குள் இதற்கும், முதலாளி பங்கு பி.எஃப்.புக்கும் சேர்த்தே கணக்குப் போட்டிருப்பார்கள். மாதா மாதம் வங்கிக்கு வருவது எவ்வளவு என்று எச்.ஆரிடம் நேராகக் கேட்பதில் வெட்கம் என்ன?

வேலை கற்பதைப் பற்றி: சின்ன கம்பெனியில் ஆறே மாதத்தில் வாடிக்கையாளரோடு போனில் பேசுவீர்கள், தீபாவளி அன்று சர்வர் படுத்தால் எழுப்புவீர்கள், இன்வாய்ஸ்கூடப் போடுவீர்கள். பெரிய கம்பெனியில் ப்ராஜெக்ட் கிடைக்காமல் பெஞ்சில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கவும் நேரலாம். இதெல்லாம் எல்லாரும் சொல்வது. சொல்லாதது ஒன்று உண்டு. அந்த மாடி ஆபீஸில் மூத்தவரே உங்களைவிட இரண்டு வயது பெரியவர் என்றால், நீங்கள் எழுதும் தப்பான கோடைத் தப்பு என்று சொல்ல ஆள் இல்லை. மூன்று வருஷம் கழித்து வேறு இடத்தில் இன்டர்வியூ கொடுக்கும்போதுதான் அது தெரியவரும். ‘என் வேலையைத் திருத்தப்போவது யார், அவரோடு பத்து நிமிடம் பேசலாமா?’ என்று கேளுங்கள். சின்ன கம்பெனியில் அந்த ஆளைப் பார்த்துவிட்டுச் சேரலாம். பெரிய கம்பெனியில் சேர்ந்த பிறகுதான் மேனேஜர் யார் என்றே தெரியும். சின்ன கம்பெனியின் நிஜமான லாபம் இதுதான், ஈசாப்பைவிடப் பெரிது.

என் கருத்தைக் கேட்டால், வீட்டில் கல்விக் கடன் இருந்து, குடும்பத்தில் முதலில் சம்பளம் வாங்கப்போகிறவர் நீங்கள்தான் என்றால், பெரிய கம்பெனியில் சேருங்கள். ஒரு வருஷம் முழுக்கப் பெஞ்சிலேயே போனால் மட்டும் வெளியே பாருங்கள். அந்தப் பாரம் இல்லாதவர்கள், இருபது பேருக்குக் குறையாத, திருத்திச் சொல்ல ஆள் இருக்கிற சின்ன கம்பெனியைத் தயங்காமல் எடுக்கலாம். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்று சொல்லும் இடத்தில், பெரிதோ சிறிதோ, எழுந்து வந்துவிடுங்கள். பாண்டில் கையெழுத்துப் போடும் முன் தொகையைப் படியுங்கள். மூன்று வருஷத்துக்குள் போனால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற ஒரு வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

சேர்ந்தபின் செய்ய ஒரு வேலை இருக்கிறது. ஒரு மாதச் சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். அந்தத் தேதி கழிந்ததும் உங்கள் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். பே ஸ்லிப்பில் பிடித்தம் இருந்து பாஸ்புக்கில் பணம் ஏறவில்லை என்றால், அன்றைக்கே எச்.ஆருக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருக்காமல் ரெஸ்யூமேயையும் தூசு தட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

(அடுத்த வாரம்: மூன்று மாத நோட்டீஸ் பீரியட்)