மணி கோர்ப்போம், வாருங்கள்!

“மணி கோக்கவா? அதுக்கெல்லாம் எங்க அக்கா நேரம்? காலையில பெரட்டுக்குப் போனா பொழுது சாயத்தான் லயத்துக்கு வர்றோம்” என்று ஒரு சகோதரி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பக்கத்தில் நின்ற அவருடைய மகள், “நான் கோத்துத் தர்றேம்மா, நீங்க போட்டுக்குங்க” என்றாள். அந்தத் தாயின் கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் அடகுக் கடையில். அந்தத் தாயையும் மகளையும் மனதில் வைத்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

எனது ஊர் பாண்டிருப்பு. கல்முனைக்கு அருகே, கடலோரத்தில் உள்ள ஊர். அங்குள்ள திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு கிழக்கிலங்கையில் பெயர் பெற்றது. நமது தோட்டங்களில் ஆடும் அருச்சுனன் தபசும் அந்தக் கோயில் சடங்கும் ஒரே பாரதக் கதையிலிருந்து வந்தவை. திருவிழாக் காலத்தில் வீதியோரக் கடைகளில் பாசிமணி மாலைகள் தொங்கும். அதைப் பார்த்துத்தான் சிறு வயதில் எனக்கும் ஆசை வந்தது.

வீட்டில் இருந்த தையல் நூலில் சிவப்புக் கண்ணாடி மணிகளைக் கோர்த்து ஒரு மாலை செய்தேன். ஒரு கலியாண வீட்டில் அது அறுந்து மணிகளெல்லாம் பந்தல் முழுக்க உருண்டன. அழுதுகொண்டு பொறுக்கினேன். எங்கள் ஊருக்கு வடக்கே மருதமுனை. கைத்தறிக்குப் பெயர் போன முஸ்லிம் ஊர். அங்கிருந்து கலியாணத்துக்கு வந்திருந்த தறிக்கார உம்மா ஒருவர், “மணியைப் பாத்து வாங்கினாய் மகள், நூலைப் பாக்கல்லியே” என்றார். மணி கோர்க்கும் கலையில் முதற் பாடமே இதுதான். மணி அழகு தரும். மாலையைக் காப்பது நூல்.

எது நல்ல நூல்?

பருத்தித் தையல் நூல் கூடாது. வியர்வையிலும் ஈரத்திலும் அது இற்றுப்போகும். கண்ணாடி மணியின் துளை ஓரம் கூர்மையாக இருந்தால் உரசி உரசி அறுத்துவிடும். மீன்பிடிக்கப் பாவிக்கும் தங்கூஸ் நூல் உறுதியானது. விறைப்பாக இருப்பதால் ஊசி இல்லாமலே கோர்க்கலாம். ஆனால் அதில் போடும் முடிச்சு வழுக்கி அவிழும். ஒருமுறை மடிந்தால் மடிந்த இடம் பலவீனமாகும். பல இழை முறுக்கிய நைலான் நூலே புதிதாகப் பழகுபவர்களுக்கு ஏற்றது. மெதுவாகவும் இருக்கும், முடிச்சும் நிற்கும். நூல் முனை பிரிந்து துளைக்குள் போகாவிட்டால் முனையைக் கியூடெக்ஸில் தோய்த்துக் காயவிடுங்கள். அதுவே ஊசிபோல் விறைத்துவிடும்.

மணியின் அளவு

கடையில் சிறு மணிகளுக்கு 11, 8, 6 என்று நம்பர் சொல்வார்கள். நம்பர் கூடக் கூட மணி சிறிதாகும். தறி நூலிலும் அப்படித்தான், நம்பர் கூடினால் நூல் மெல்லிசு. 11ஆம் நம்பர் மணி ஏறக்குறைய 2 மில்லிமீற்றர், 8ஆம் நம்பர் 3 மில்லிமீற்றர், 6ஆம் நம்பர் 4 மில்லிமீற்றர். முதல் மாலைக்கு இவை எதுவும் வேண்டாம். 6 மில்லிமீற்றர் உருண்டை மணியாக வாங்குங்கள். கண்ணுக்கும் கைக்கும் இலகு.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டப் பார்வை குறைவது இயல்பு. “ஊசியில நூல் கோக்க முடியல” என்று சொல்லும் அம்மாமார் அதை வயதுக் கோளாறு என்று விட்டுவிடாமல் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஒரு சாதாரண வாசிப்புக் கண்ணாடியே பலருக்குப் போதும்.

தேவையான பொருட்கள்

6 மில்லிமீற்றர் மணி 80, நைலான் நூல், ஒரு கொக்கி, ஒரு சிறு வளையம், கத்தரிக்கோல், கொஞ்சம் கியூடெக்ஸ், ஒரு தட்டு, ஒரு பழைய துவாய். தட்டில் துவாயை விரித்து அதன்மேல் மணியைக் கொட்டினால் உருண்டு ஓடாது.

செய்முறை

1. ஒரு நூலைக் கழுத்தில் சுற்றி எவ்வளவு நீளம் வேண்டும் என்று பாருங்கள். பெரியவர்களுக்கு 45 சென்ரிமீற்றர், அதாவது 18 அங்குலம், பொதுவான அளவு. 6 மில்லிமீற்றர் மணி என்றால் இதற்கு 75 மணி பிடிக்கும். மிச்சம் ஐந்து கைகாவலுக்கு.

2. கோர்ப்பதற்கு முன் மணிகளைத் துவாயின்மேல் வரிசையாக அடுக்குங்கள். நடு மணியை முதலில் வைத்து இரு பக்கமும் ஒன்றுபோல் கொண்டுபோனால் மாலை கோணாது. பிடிக்காவிட்டால் இப்போதே மாற்றலாம். கோர்த்த பிறகு மாற்றுவது கஷ்டம்.

3. நூலை 75 சென்ரிமீற்றர் வெட்டுங்கள். ஒரு முனையில் வளையத்தைக் கட்டுங்கள். வலது நூலை இடதின்மேல் போட்டு ஒரு முடிச்சு, பிறகு இடதை வலதின்மேல் போட்டு ஒரு முடிச்சு. இரண்டாவது முடிச்சில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்டால் முடிச்சு நழுவும்.

4. முடிச்சுக்குப் பின் மிஞ்சும் வால் நூலை வெட்டிவிடாதீர்கள். முதல் மூன்று மணிகளை இரண்டு நூலிலும் சேர்த்துக் கோருங்கள். பிறகு நீள நூலில் மட்டும் தொடருங்கள்.

5. கடைசி மணியும் ஏறியதும் கொக்கியைக் கட்டுங்கள். கட்டும்போது ஓர் அரிசி அகலம் இடைவெளி விடுங்கள். இழுத்து இறுக்கிக் கட்டினால் மாலை கம்பிபோல் விறைத்து நிற்கும். நூலும் சீக்கிரம் அறும்.

6. இந்த முனையின் வாலையும் பின்பக்கமாக மூன்று மணிக்குள் செலுத்துங்கள். முடிச்சின்மேல் ஒரு துளி கியூடெக்ஸ் வையுங்கள். ஓர் இரவு காயவிட்டு, மறுநாள் மிச்ச நூலை வெட்டுங்கள்.

கொழுந்துக் கறையும் வெடிப்பும் உள்ள விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் பூசுவது நல்லது. ஆனால் எண்ணெய்க் கையோடு முடிச்சுப் போட்டால் நூல் வழுக்கும். வேலை முடிந்த பிறகு பூசுங்கள். இருட்டுக் காம்பராவில் மங்கிய விளக்கில் செய்ய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பகல், வாசல் வெளிச்சம் போதும்.

விதை மணிகள்: கட்டாயம் கவனியுங்கள்

காசு கொடுத்து வாங்காமல் விதைகளைக் கோர்க்கலாமே என்று சிலர் நினைக்கலாம். ஈரமான ஓடைக்கரைகளில் வளரும் ஒரு வகைப் புல்லின் விதை சாம்பல் நிறத்தில், கண்ணீர்த் துளிபோல் இருக்கும். நடுவே இயற்கையாகவே துளை உண்டு. இந்தியாவின் நாகாலாந்துப் பெண்கள் அதை நகையில் கோர்க்கிறார்கள். நீங்களும் கோர்க்கலாம்.

ஆனால் குண்டுமணி வேண்டவே வேண்டாம். சிவப்பு உடலும் கறுப்புக் கண்ணும் உள்ள அந்த விதை பார்க்க மிக அழகு. தட்டார் பொன் நிறுத்ததும் அதில்தான். ஆனால் அதனுள் இருப்பது கொடிய நஞ்சு. முழுதாக விழுங்கினால் கடினமான தோல் சில வேளை காப்பாற்றும். மென்று விழுங்கினாலோ, துளை போட்ட விதையை விழுங்கினாலோ உயிருக்கே ஆபத்து. துளை போடும்போது பறக்கும் தூளும் ஆபத்தானது. 2011ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இந்த விதையில் செய்த கைச்சங்கிலிகள் விற்கப்பட்டு, பிறகு நஞ்சு என்று அறிந்து திருப்பிக் கேட்கப்பட்டன. முழுச் சிவப்பாக, கறுப்புப் புள்ளி இல்லாமல் இருப்பது மஞ்சாடி. அது வேறு விதை. ஆனாலும் அதையும் பிள்ளைகள் வாயில் வைக்க விடக்கூடாது.

கண்ணாடி மணியிலும் கவனம் தேவை. தவழும் பிள்ளை தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் போடும். மணி தொண்டையில் அடைத்தால் மூச்சு நின்றுவிடும். எனவே வேலை முடிந்ததும் மணிகளை எண்ணி, மூடியுள்ள டப்பாவில் போட்டு உயரத்தில் வையுங்கள். மூக்கிலோ காதிலோ மணி போய்விட்டால் ஊக்கால் கிண்டாதீர்கள், இன்னும் உள்ளே போகும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மலிவான உலோகக் கொக்கிகளில் ஈயம் கலந்திருக்கலாம். பல்லால் கடிக்க வேண்டாம். காது அரித்துச் சிவந்தால் அந்தத் தோட்டைக் கழற்றிவிடுங்கள். சிலருக்கு நிக்கல் என்ற உலோகம் ஒத்துக்கொள்ளாது.

விற்கலாமா?

முதல் மூன்று மாலையும் உங்களுக்கும் உங்கள் பிள்ளைக்கும்தான். விற்பதைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம். யோசிக்கும்போது மணி, நூல், கொக்கி விலையை மட்டும் எழுதாமல், எத்தனை மணித்தியாலம் உட்கார்ந்தீர்கள் என்பதையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். உங்கள் உழைப்பும் கணக்கில் வரவேண்டும். “முன்பணம் கட்டுங்க, மணி தர்றோம், கோத்துக் குடுத்தா நாங்களே வாங்கிக்கிறோம்” என்று யாராவது வந்தால் அவசரப்படாதீர்கள். வேலை சரியில்லை என்று அவர்கள் திருப்பித் தந்தால் கட்டிய பணம் என்னாகும் என்று முதலில் கேளுங்கள். இந்தக் கைவேலைக்காகக் கடன் வாங்கவே வாங்காதீர்கள்.

பழைய கலை

இது நம்மவர்களுக்குப் புதிய வேலையல்ல. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பே சின்னஞ்சிறு கண்ணாடி மணிகள் செய்தார்கள். தமிழ்நாட்டில் நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் கல்மணி செய்த பட்டறைகளை அகழ்வாய்வில் கண்டெடுத்திருக்கிறார்கள். நமது நாட்டில் மன்னார் மாந்தையிலும் பழைய கண்ணாடி மணிகள் கிடைத்துள்ளன. அந்த மணிகள் இன்னும் இருக்கின்றன. கோர்த்த நூல்தான் இல்லை.

நாள் முழுக்க நாம் பறிப்பதை நிறுக்கிறார்கள்; கிலோ குறைந்தால் பேர் குறைகிறது. ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து கோர்க்கும் மாலையை நிறுக்க யாரும் வரமாட்டார்கள். ஒரு மாலைக்கு மூன்று ஞாயிறு எடுத்தாலும் கேட்க ஆளில்லை. பிள்ளை அடுக்க, அம்மா கோர்க்க, பாட்டி நிறம் சொல்ல, மூன்று பேருக்கும் பேச ஒரு பொழுது கிடைக்கும்.

இந்த ஞாயிறே ஒரு முடிச்சுப் போட்டுப் பழகிப் பாருங்கள். நூல் நல்லதாக இருக்கட்டும்.