100 கோடி வரி, ஒரே ஃபைல்... எலிக்சர் மொழி இதை பிரித்து மேய்வது எப்படி?

2024 ஜனவரியில் ஜாவா புரோகிராமர்களுக்கு ஒரு சவால் விட்டார் கன்னர் மோர்லிங் என்ற சாஃப்ட்வேர் இன்ஜினியர். ஒரு டெக்ஸ்ட் ஃபைல், அதில் 100 கோடி வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு ஊர் பெயர், ஒரு வெப்பநிலை. ஊர்வாரியாக குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரி சொல்லணும். ஃபைல் சைஸ் சுமார் 13 ஜிபி!

சாதாரணமாக எழுதிய ஜாவா புரோகிராமுக்கு கிட்டத்தட்ட 5 நிமிடம் ஆனது. ஜெயித்த புரோகிராம், 8 கோர்களை வைத்து 2 வினாடிக்குள் முடித்தது. மற்ற மொழிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? எர்லாங், எலிக்சர், ஹாஸ்கல் என 'ஃபங்ஷனல்' மொழி ஆட்களும் களத்தில் குதித்தார்கள்.

8 கோர் இருந்தா 8 மடங்கு வேகமா?

அங்கேதான் சிக்கல். ஒரே நோட்டில் ரெண்டு பேர் எண்ணிக்கை எழுதுறாங்கனு வைங்க. நோட்டில் 40 இருக்கு. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் 40-ஐ பார்த்து, ஒன்றைக் கூட்டி 41 என எழுதுவார்கள். வர வேண்டியது 42. கணக்கு தப்பு, ஆனா எந்த எரர் மெசேஜும் வராது. 100 கோடி வரியில் இதை யார் கண்டுபிடிப்பது?

நோட்டுக்கு பூட்டு போடலாம். ஆனா ஒருத்தர் எழுதும்போது மற்றவர்கள் கியூவில் நிற்கணும். வேகம் காலி!

எலிக்சர் என்ன செய்யுது?

பொது நோட்டே கிடையாது. எலிக்சரில் ஒருமுறை உருவான மதிப்பை மாற்ற முடியாது, புதுசாகத்தான் உருவாக்கணும். இது ஓடுவது, எரிக்சன் நிறுவனம் 1980களில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக உருவாக்கிய எர்லாங் மொழியின் மேடையில். அதில் லட்சக்கணக்கில் குட்டி 'ப்ராசஸ்'களை கிளப்பலாம். ஒவ்வொன்றுக்கும் தனி மெமரி. பேசணும்னா மெசேஜ்தான்.

ஃபைலை துண்டு போட்டு, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, கடைசியில் விடைகளைச் சேர்ப்பதுதான் ஐடியா. 2004-ல் கூகுள் வெளியிட்ட 'மேப் ரெட்யூஸ்' முறையும் இதே ரூட்தான். அதுவும் பழைய லிஸ்ப் மொழியிடம் இருந்து எடுத்த யோசனை.

எங்கே வெட்டுவது?

சும்மா நடுவில் வெட்டினால் 'சென்னை, 34.2' என்ற வரி, ஒரு துண்டில் 'சென்னை, 3' என்றும் அடுத்ததில் '4.2' என்றும் போய்விடும். சென்னையில் 3 டிகிரி! அதனால் வெட்டும் இடத்தை அந்த வரி முடியும் வரை நகர்த்தணும்.

சேர்ப்பதிலும் பொறி இருக்கு. ஒரு துண்டில் ஒரு ஊருக்கு 1,000 வரி, சராசரி 30. இன்னொன்றில் 10 வரி, சராசரி 20. ரெண்டையும் சராசரி எடுத்தால் 25 வரும். உண்மையான விடை 29.9. எனவே சராசரியை அனுப்பக் கூடாது. கூட்டுத்தொகையையும் எண்ணிக்கையையும் அனுப்பணும்.

அப்போ எலிக்சர்தான் பெஸ்ட்டா?

வேகத்தில் இல்லை. மதிப்புகளை புதுசு புதுசாக உருவாக்குவதற்கே செலவு இருக்கு. வரி வரியாக படித்தால் நொண்டும். பெரிய பெரிய துண்டாக படிச்சாதான் தேறும். ஜெயித்த ஜாவா புரோகிராம் மெமரியை நேரடியாகத் தொட்டு வித்தை காட்டியது. ஆனா அதை இன்னொருத்தர் படித்துப் புரிந்துகொள்வது பெரும்பாடு. தினசரி ஆபீஸ் வேலைக்கு, விடை தப்பாத எலிக்சர் ரூட்டே நிம்மதி.

இன்னொரு விஷயம்: போட்டியில் ஃபைல் ஏற்கெனவே ரேமில் இருந்தது. வினாடிக்கு 130 எம்பி படிக்கும் பழைய ஹார்டு டிஸ்க் என்றால், ஃபைலை படிக்கவே 100 வினாடி. அதுவரை எந்த மொழியாக இருந்தாலும் 8 கோரும் பெரும்பாலும் சும்மாதான் உட்கார்ந்திருக்கும்.