மழைநீரும் வீட்டுத் தோட்டமும்

நாஞ்சில் நாட்டுக்கு இறைவன் இரு பருவமழைகளை அருளியுள்ளான். ஆனியில் தென்மேற்கு, ஐப்பசியில் வடகிழக்கு. ஆயினும் வடசேரி வீடுகளில் தை பிறந்து பங்குனி முடியுமுன் கொல்லைச் செடிகள் வாடத் தொடங்குகின்றன. கனகமூலம் சந்தை அருகிலிருக்க இதற்கு ஏன் வருந்துவது என்பார்கள். பறித்த கையோடு சமைத்த வெண்டைக்காயின் சுவையறிந்தவர் அப்படிச் சொல்லார்.

1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர். 50 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 20 மில்லிமீட்டர் மழை 1,000 லிட்டராகும். சேதாரம் போக 800 லிட்டரேனும் சேரும். தளத்தின் அழுக்கைக் கழுவி வரும் முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். தொட்டியின் வாயை வலைத்துணியால் இறுகக் கட்டுங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு தேங்கிய நன்னீரில்தான் பெருகும்.

நாளொன்றுக்கு 20 லிட்டர் எடுத்தால் 40 நாளில் தொட்டி வற்றிவிடும். மூன்று மாத வறட்சிக்கு அது போதாது என்பதை மறைத்துப் பயனில்லை. செலவைக் குறைப்பதே வழி. கதம்பையைக் குழிந்த புறம் மேல்நோக்கப் பாத்தியில் புதைத்து, மண்ணைச் சருகால் மூடி, வெயில் தாழ்ந்தபின் வேரடியில் ஊற்றினால் ஈரம் நெடிது நிற்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினாலே போதும். அதே நீர் 80 நாள் வரும்.

ஓடும் ஆற்றங்கரையிலும் ஒளுவுக்கு நீரை விரயமாக்கலாகாது என்பது இப்னு மாஜாவில் பதிவான நபிமொழி. ஐவேளை ஒளுச் செய்த நீரை வாழைக்குத் திருப்பிவிட்டால் தொட்டிநீர் மேலும் மிஞ்சும். ஒருவர் நட்டதைப் பறவை தின்றாலும் அது தருமமாகும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றுள்ளார்கள். அணில் கடித்த தக்காளியையும் அக்கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.