செவ்வாயில் ஒரு செவ்வாய்க்கிழமை

எங்கள் டயாலிசிஸ் கூடத்திற்குச் செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாள்களில் காலை முறைக்கு வருவோருள் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஜன்னலோரப் படுக்கை அவருக்கே உரியது என்பது எங்கள் கூடத்தின் எழுதப்படாத சட்டம். நான்கு மணி நேரம் ஒரு கையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். தொலைக்காட்சி அவருக்குப் பிடிக்காது. ஆகவே, பார்வையிட வரும் எங்களிடம் கேள்வி கேட்பதையே பொழுதுபோக்காகக் கொண்டுவிட்டார். கடந்த சில மாதங்களில் அவர் கேட்டவற்றையும், நாங்கள் சொல்லிச் சமாளித்தவற்றையும் அவருடைய இசைவோடு இங்கே எழுதுகிறோம்.

முதற் கேள்வி இது: "டாக்டர், பத்தாயிரமாவது ஆண்டில் மனிதனுக்குச் சிறுநீரகம் இருக்குமா?"

சிரித்துவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்திருக்கலாம். ஆனால் நம்மினும் பெரியவர்கள் இதைப் பற்றி முன்பே யோசித்திருக்கிறார்கள். ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1893-ஆம் ஆண்டிலேயே, பத்து லட்சம் ஆண்டுகளுக்குப் பிந்திய மனிதனைக் கற்பனை செய்து ஒரு கட்டுரை எழுதினார். பூசணிக்காய் போன்ற தலை, பெரிய கண்கள், பெரிய கைகள். வயிறும் குடலும் தேய்ந்து மறைந்துவிடுகின்றன. பசித்தால் சத்து நீர்த் தொட்டியில் இறங்கி மிதக்க வேண்டியதுதான். தோல் வழியே உணவு உள்ளே போய்விடும். 1929-இல் ஜே.டி. பெர்னால் என்ற இயற்பியலாளர் இன்னும் துணிந்தார். உடலே வேண்டாம், மூளையை மட்டும் ஓர் உருளைக்குள் வைத்துக் காப்பாற்றினால் போதும் என்றார்.

இவற்றை ஆசிரியரிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் யோசித்தார். பிறகு, "சோற்றை ஒழித்தார்கள், சரி. கழிவு எங்கே போகும்?" என்று கேட்டார்.

இக்கேள்வியைச் சிறுநீரகப் பிரிவின் உள்ளே இருப்பவரால்தான் இவ்வளவு விரைவாகக் கேட்க முடியும். மூளை மட்டும் மிஞ்சினாலும் அது உயிருள்ள திசு. உயிருள்ள எதுவும் கழிவை உண்டாக்கியே தீரும். உருளைக்குள் ஓடும் நீரை யாராவது சுத்தம் செய்தாக வேண்டும். அதன் உப்பை அளக்க வேண்டும். பொட்டாசியம் கூடினால் குறைக்க வேண்டும். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எங்கள் டயாலிசிஸ் டெக்னீஷியனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. பத்து லட்சம் ஆண்டுகளுக்கு வேலை உறுதி என்றால் யாருக்குத்தான் மகிழ்ச்சி இராது?

அடுத்த வாரம் பேச்சு விண்வெளிக்குப் போயிற்று. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் வீரர்களின் சிறுநீரையும் வியர்வையையும் மூச்சுக்காற்றின் ஈரத்தையும் சேகரித்து, மீண்டும் குடிநீராக மாற்றுகிறார்கள். நேற்றுக் குடித்த காப்பியே இன்றைய காப்பி என்பது அங்கே வேடிக்கைப் பேச்சு. 2023-இல் அந்த இயந்திரத் தொகுதி, கிடைக்கும் நீரில் 98 விழுக்காட்டை மீட்டெடுக்கும் நிலையை எட்டியதாக நாசா அறிவித்தது. பெரிய சாதனைதான். ஆனால் நம் சிறுநீரகங்கள் நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. மற்றதெல்லாம் உடலுக்குத் திரும்பிவிடுகிறது. அதாவது 99 விழுக்காட்டுக்கும் மேல். ஒப்பீடு முற்றிலும் நியாயமானதன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். வடிக்கப்பட்ட நீரும் சிறுநீரும் ஒன்றல்ல. இருந்தாலும், ஒன்றரைக் கால் பங்கு கிலோகூடத் தேறாத, கைப்பிடிக்குள் அடங்கும் ஓர் உறுப்பு, மின்சாரமும் மெக்கானிக்கும் இன்றி இதைச் செய்கிறது என்று சொல்லும்போது எங்களுக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது. ஆசிரியர் குறுக்கிட்டார்: "செய்துகொண்டிருந்தது என்று சொல்லுங்கள், டாக்டர்."

அவருடைய சிறுநீரகங்கள் சர்க்கரை நோயால் பழுதுபட்டவை. ஒவ்வொன்றிலும் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள் எனப்படும் நுண்வடிகட்டிகள் இருக்கும். பிறந்த பிறகு அவை புதிதாக முளைப்பதில்லை, போனவை போனவையே. பத்தாயிரமாவது ஆண்டு மனிதர் இதற்கு என்ன வழி கண்டிருப்பார் என்று எங்களுக்கும் ஆவல்தான்.

செவ்வாய்க் கிரகத்தைப் பற்றிய உரையாடல் ஒரு செவ்வாய்க்கிழமையன்றே நிகழ்ந்தது. அங்கே மனிதர்கள் குடியேறினால் டயாலிசிஸ் எப்படி நடக்கும்? ஒரு முறை டயாலிசிஸ் செய்யக் குழாய் வழியே ஓட வேண்டிய தூய நீர்மம் ஏறத்தாழ 120 லிட்டர். அந்தத் தூய நீரைப் பெற ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் நீர் தனிக்கணக்கு. கோடையில் நம் ஊரில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும்போதே எங்கள் நிருவாக அலுவலருக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது. செவ்வாயில் நீர் பனிக்கட்டியாகக் கிடக்கிறது. அதை வெட்டி, உருக்கி, வடித்து, பிறகுதான் இரத்தத்தின் அருகே கொண்டுவர வேண்டும்.

ஆனால் ஆசிரியரைக் கவர்ந்தது வேறொரு செய்தி. செவ்வாயின் ஈர்ப்பு விசை பூமியில் உள்ளதில் 38 விழுக்காடுதான். சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் இடையில் இரண்டரைக் கிலோ நீர் சேர்த்துக்கொண்டு வருபவர், அங்கே விற்சுருள் தராசில் ஏறி நின்றால் ஒரு கிலோவுக்கும் குறைவாகவே கூடியதாகக் காட்டும்! கூடத்தில் இருந்த பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தனர். செவ்வாய்க்குப் பயணச்சீட்டு எங்கே கிடைக்கும் என்று ஒருவர் விசாரித்தார்.

எங்கள் மூத்த செவிலியர் இதை விடுவதாக இல்லை. தராசு ஏமாறலாம், நுரையீரல் ஏமாறாது என்றார். அவர் சொன்னது சரி. எடை குறைந்தாலும் உடலில் சேர்ந்த நீரின் நிறை குறையாது. இரண்டரை லிட்டர் எங்கே போனாலும் இரண்டரை லிட்டர்தான். இதயம் அத்தனையையும் தள்ளியாக வேண்டும். மேலும், செவ்வாயில் ஒரு நாள் என்பது 24 மணி 39 நிமிடத்துக்குச் சற்று அதிகம். தாகத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய நேரமும் அந்த அளவுக்கு நீளும். இதைக் கேட்டதும் பயணச்சீட்டு விசாரித்தவர் தம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

எதிர்கால மருத்துவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்களா என்றும் ஆசிரியர் கேட்டார். சிரிப்பார்கள். வாரம் மூன்று முறை ஊசி குத்தி, இரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, ஒரு பெட்டியில் சுற்றவிட்டுத் திருப்பி அனுப்பினார்களாம் என்று அருங்காட்சியகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். நாமும் அப்படித்தானே பழையவற்றைப் பார்க்கிறோம்? நெதர்லாந்து, ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்த காலத்தில், காம்பன் என்ற சிற்றூரின் மருத்துவமனையில் வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர் முதல் செயற்கைச் சிறுநீரகத்தைக் கட்டினார். மரச்சட்டங்களாலான ஓர் உருளை. அதைச் சுற்றி, இறைச்சி அடைத்து விற்பதற்கான செலோஃபேன் குழாய். அடியில் ஓர் எனாமல் தொட்டி. போர்க்காலத் தட்டுப்பாட்டில் அவருக்குக் கிடைத்தவை அவ்வளவே. 1943 முதல் அதில் சிகிச்சை பெற்றவர்கள் ஏறத்தாழ அனைவரும் இறந்தார்கள். அவர் நிறுத்தவில்லை. 1945-இல், நினைவிழந்து கிடந்த 67 வயது மூதாட்டி ஒருவர் பதினொரு மணி நேரச் சிகிச்சைக்குப் பின் கண் விழித்தார். அதன் பிறகு பல ஆண்டுகள் வாழ்ந்தார்.

அப்போதும் அது ஓரிரு முறை செய்யத்தக்க சிகிச்சையாகவே இருந்தது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் இரத்தக் குழாயைத் திறந்தாக வேண்டும். 1960-இல் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்பவர் கையிலேயே நிலையாகப் பொருத்தி வைக்கும் டெஃப்லான் குழாயைக் கண்டறிந்த பிறகுதான், ஆண்டுக்கணக்கில் டயாலிசிஸ் என்பது கைகூடியது. அதை முதலில் பெற்ற கிளைட் ஷீல்ட்ஸ் என்ற தொழிலாளி மேலும் பதினொரு ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் இயந்திரங்கள் சில, நோயாளிகள் பலர். யாருக்குத் தருவது என்று முடிவு செய்ய, பெயர் வெளியிடப்படாத ஊர்ப் பொதுமக்கள் எழுவரைக் கொண்டு ஒரு குழு அமைத்தார்கள். வேலை, குடும்பம், குணம் எல்லாவற்றையும் எடைபோட்டு அவர்கள் ஆளைத் தேர்ந்தார்கள். ஆசிரியர் அன்று வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை. அந்தக் குழுவின் முன் தாம் நின்றால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தாராம். மறுமுறை வந்தபோது சொன்னார்.

இனிப் பன்றிக்கு வருவோம். எங்களிடம் இப்போது மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுவே. வாட்ஸ்அப்பில் வந்த படத்தோடு கேட்கிறார்கள். செய்தி உண்மைதான். 2024 மார்ச்சில் பாஸ்டன் நகரில் 62 வயது நோயாளி ஒருவருக்கு, மரபணுவில் 69 மாற்றங்கள் செய்யப்பட்ட பன்றியின் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. அது வேலை செய்தது. அவர் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் இறந்தார். அதற்கு அந்தச் சிறுநீரகம் காரணம் என்பதற்கு அறிகுறி இல்லை என்று மருத்துவமனை தெரிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கில் அத்தகைய சிறுநீரகம் பெற்ற பெண்மணிக்கு 130 நாள்களுக்குப் பிறகு அதை அகற்ற வேண்டியதாயிற்று. பின்னர் ஒருவருக்கு 271 நாள்கள் நீடித்தது. ஒவ்வொரு முறையும் தூரம் கூடுகிறது. அடுத்த மாதம் நம் ஊருக்கு வந்துவிடும் என்று மட்டும் யாரும் எண்ண வேண்டா.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் நோயாளி ஒருவர், புதிய மருந்து ஒன்று வந்துவிட்டது, இனி டயாலிசிஸ் தேவையில்லை என்ற காணொளியை நம்பி இரண்டு முறை வராமல் இருந்துவிட்டார். மூன்றாம் நாள் நள்ளிரவில், மூச்சுவிட முடியாமல், மகன்கள் இருவர் தூக்கிவர வந்து சேர்ந்தார். இரத்தத்தில் பொட்டாசியம் 7.4 இருந்தது; 5-க்குள் இருக்க வேண்டியது. அவர் பிழைத்தார். அன்றிரவு அவருடைய இதயத் துடிப்பின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு எதிர்காலம் விடியற்காலை வரைகூட நீளவில்லை.

ஆசிரியர் அப்படிப்பட்டவர் அல்லர். ஒரு முறைகூடத் தவறியதில்லை. ஆனால் அவரும் வேறொரு விதத்தில் எதிர்காலத்தை நம்பிக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்குத் தாமதமாகவே புரிந்தது. அவருடைய துணைவியார் கூடத்துக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் நான்கு மணி நேரமும் அமர்ந்திருப்பார். காய்களை வேகவைத்து நீரை வடித்துவிட்டுச் சமைத்த உணவு அவருடைய தூக்குப் பாத்திரத்தில் இருக்கும். கணவருக்குத் தம் சிறுநீரகம் ஒன்றைத் தர விரும்புவதாக இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அவர் சொன்னார். இரத்தப் பிரிவும் பொருந்தியது. ஆசிரியர் ஒப்பவில்லை. இறந்தோரிடமிருந்து பெறும் உறுப்புக்கான பட்டியலில் பெயரைப் பதிவு செய்யச் சொன்னார், செய்திருக்கிறோம். மனைவியைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும், "பன்றியே வரப்போகிறதே, டாக்டர்" என்பார். அதற்குப் பிறகு பத்தாயிரமாவது ஆண்டு வந்துவிடும், செவ்வாய் வந்துவிடும். நாங்களும் சுவையான பேச்சில் கூடவே போய்க்கொண்டிருந்தோம். இதில் எங்கள் தவறும் உண்டு.

சென்ற மாதம் ஒரு நாள் 1954-ஐப் பற்றிச் சொன்னோம். பாஸ்டனில், ரொனால்ட் ஹெரிக் என்ற இளைஞர் தம் இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குச் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். வெற்றி பெற்ற முதல் மாற்று அறுவை சிகிச்சை அது. செய்தவர் ஜோசஃப் முர்ரே, 1990-இல் நோபெல் பரிசு பெற்றவர். ரிச்சர்ட் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். தம்மைக் கவனித்துக்கொண்ட செவிலியரையே மணந்துகொண்டார். "கொடுத்தவர்?" என்று ஆசிரியர் கேட்டார். அவர் 2010-இல் தம் 79-ஆம் வயதில் மறைந்தார் என்றோம். ஒற்றைச் சிறுநீரகத்தோடு 56 ஆண்டுகள்.

ஆசிரியர் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று நாங்கள் உறுதி தர முடியாது என்றும் சொன்னோம். கொடுப்பவருக்கும் அறுவை சிகிச்சையின் இடர் உண்டு. ஆகவேதான் இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம், சிறுநீரகத்தின் செயல்திறன் என ஒன்றுவிடாமல் பார்க்கிறோம். சிறு ஐயம் எழுந்தாலும் மறுத்துவிடுகிறோம். தேறியவர்களுக்கு, மிஞ்சிய சிறுநீரகம் சற்றுப் பருத்து, போனதன் வேலையிலும் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறது. கணவன் மனைவி என்பதால் சட்டப்படி நெருங்கிய உறவினரே.

"அவளுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்?" என்றார். இரண்டு ஆண்டுகளில் அவர் கேட்ட கேள்விகளில் வேடிக்கை கலவாதது இது ஒன்றே.

கதவருகே நின்றிருந்த அம்மையார் உள்ளே வந்தார். "செவ்வாய்க்குப் போறதெல்லாம் அப்புறம் இருக்கட்டும் டாக்டர். மொதல்ல எனக்கு டெஸ்ட் எழுதுங்க. ஆகாதுன்னா நீங்களே சொல்லிடப்போறீங்க" என்றார்.

ஆசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுக்கவில்லை. எழுதிக் கொடுத்தோம். முதற்கட்டப் பரிசோதனைகள் வரும் செவ்வாய்க்கிழமை, அவருடைய டயாலிசிஸ் நேரத்திலேயே. அம்மையார் முதல் நாள் இரவு உணவுக்குப் பின் எதுவும் உண்ணாமல் வர வேண்டும். இருவருடைய ஆதார் நகலும் இரண்டிரண்டு எடுத்துவர வேண்டும் என்று செவிலியர் சீட்டில் குறித்துத் தந்தார். பத்தாயிரமாவது ஆண்டிலும் நகல் கேட்பார்களா என்று ஆசிரியர் விசாரித்தார். அநேகமாகக் கேட்பார்கள் என்றோம்.