நன்கொடைக்கு நிபந்தனை எவ்வளவு?



ஆஸ்பத்திரிக்கு வைப்புத்தொகை அனுப்புகிறவர்களில் சிலர், "இதன் வட்டி இன்ன காரியத்துக்கு மட்டுமே" என்று எழுதுகிறீர்கள். அப்படி எழுத உங்களுக்கு உரிமை உண்டு. அதன்படியே செலவிடுவது எங்கள் கடமை. ஆனாலும் அந்த "மட்டுமே" என்ற சொல்லைப்பற்றிச் சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் 1790-இல் மரித்தபோது பாஸ்டன், பிலதெல்பியா நகரங்களுக்குத் தலா 1000 பவுன் எழுதிவைத்திருந்தார். எஜமானிடம் தொழில் பழகி முடித்த, 25 வயதுக்குட்பட்ட, மணமான இளைஞருக்கு அதைக் கடனாகக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல எண்ணம்தான். ஆனால் தொழிற்சாலைகள் பெருகியபின் அவ்விதம் தொழில் பழகுகிறவர்கள் அருகிப்போனார்கள். செயின்ட் லூயி நகரத்தார் ஒருவர், பிரயன் முல்லன்பி என்பவர், மேற்குத் திசையில் குடியேறப் போகும் வழிப்போக்கருக்கென்று தம் ஆஸ்தியில் மூன்றிலொரு பங்கை விட்டு 1851-இல் மரித்தார். அந்தக் குடியேற்றமும் முடிந்துபோயிற்று. பணம் மாத்திரம் இருந்தது. இதைத்தான் சட்டம் படித்தவர்கள் மரித்தவனின் கை என்பார்கள்.

இதற்கு வழி கண்டவர் போதகரல்ல, ஒரு வங்கித் தலைவர். ஓஹாயோ மாகாணத்துக் கிளீவ்லண்ட் நகரில் பிரெடெரிக் காஃப் என்பவர் 1914 ஜனவரியில் முதலாவது சமுதாய அறநிதியை ஏற்படுத்தினார். பலர் விட்டுச்செல்லும் தொகைகள் ஒரே நிதியாகச் சேரும். முதலை வங்கி காக்கும். வருமானத்தை ஊர்ப் பெரியோர் குழு ஒன்று தர்ம ஸ்தாபனங்களுக்குப் பங்கிடும். கொடுத்தவர் நோக்கம் குறிப்பிடலாம். அந்த நோக்கம் காலத்தால் பயனற்றுப்போனால், குழு அதை வேறு தேவைக்குத் திருப்பலாம். (நம் நாட்டில் பொது தர்மத்தின் நோக்கத்தை மாற்ற, சிவில் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவின்படி நீதிமன்றத்துக்குப் போக நேரிடும்.)

குழுவில் சிலரை வங்கியும் மற்றவரை மேயரும் நீதிபதிகளும் நியமித்தார்கள். ஒரே சபைப் பிரிவினர் இருவருக்கு மேல் கூடாது. அரசியல் பதவியில் இருப்பவரும் அதை நாடுகிறவரும் கூடாது என்று விதித்தார்கள். நம் சபைத் தேர்தல்களை அறிந்தவர்கள் இந்த விதியை இரண்டு தரம் வாசிக்கலாம்!

இப்படிப்பட்ட அறநிதிகளிடம் ஸ்தாபனங்கள் விண்ணப்பிக்க வேண்டும். கணக்கும் வரவுசெலவுத் திட்டமும் கேட்பார்கள். அநேகமாக நேரில் வந்து பார்ப்பார்கள். விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் எல்லாரும் வேலை செய்யத் தெரிந்தவர் அல்லவே! செலவானபின் அறிக்கை கொடுக்க வேண்டும். இது அவநம்பிக்கையல்ல. எருசலேமின் ஏழைகளுக்குச் சேர்த்த தர்மப்பணத்தைக் கொண்டுபோகப் பவுலும் தனியே புறப்படவில்லை, சபைகள் தெரிந்துகொண்ட சகோதரனையும் கூட்டிக்கொண்டார் (2 கொரி. 8).

பிராங்க்ளின் குறித்த 200 ஆண்டு 1990-இல் முடிந்தது. பிலதெல்பியாவின் பங்கில் ஒரு பகுதி அவ்வூர்ச் சமுதாய அறநிதிக்கு வந்து, தொழிற்கல்வி பயிலும் மாணவருக்கு உதவித்தொகையாயிற்று. அவர் விரும்பியதற்கு இதைவிட நெருங்கியது எது?

நம் ஊழியத்துக்கு வருவோம். தொழுநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தது. அதன்பின் நோயாளிகள் வருஷக்கணக்கில் வார்டில் கிடக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமடைகிறார்கள். ஆனால் உணர்ச்சியற்ற பாதங்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு வேண்டும், புண்ணுக்குக் கட்டு வேண்டும், மடங்கிய விரல்களுக்கு அறுவைச் சிகிச்சை வேண்டும். "தொழுநோய் வார்டில் ஒரு கட்டிலுக்கு மட்டுமே" என்று எழுதிய பணம் ஒரு ஜோடி செருப்பு வாங்க உதவாது. கொடுத்தவர் கட்டிலை நேசித்தாரா, நோயாளியை நேசித்தாரா?

ஆகவே வைப்புத்தொகை அனுப்புவோர், உங்கள் நோக்கத்தைத் தாராளமாய்க் குறிப்பிட்டு, அதன்கீழ் இந்த வரியையும் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்: "இத்தேவை இல்லாமற்போகும் காலத்தில், இதற்கு நெருங்கிய வேறு தேவைக்கு ஆஸ்பத்திரி ஆளுகைக் குழு செலவிடலாம்." முன்பே அனுப்பியவர்களும் இவ்விதமாகப் பொருளாளருக்கு ஒரு கடிதம் எழுதி, கையொப்பமிட்டு அனுப்பிவைத்தால் மிகவும் உதவியாயிருக்கும்.

கர்த்தருடைய பணியில்,
ஆஸ்பத்திரி சாப்ளின்