இரும்புக்கை மாயாவியும் எங்கள் பிள்ளைகளும்

போர்க்காலத்தில் வளர்ந்த எங்களுக்கு ஊரில் சித்திரக்கதை கிடைத்ததில்லை. சென்னை உறவினர் அனுப்பிய 'இரும்புக்கை மாயாவி'யை டூங்கபியில்தான் முதன்முதலாக வாசித்தோம். 1962இல் பிரித்தானிய 'வேலியன்ட்' இதழில் தொடங்கிய கதை. 1972இல் முத்து காமிக்ஸ் தமிழில் தந்தது. ஆய்வுகூட விபத்துக்குப்பின் லூயிஸ் கிராண்டேலின் உடலில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைவான், இரும்புக்கை மட்டும் தெரியும். தொடக்கத்தில் அவன் கெட்டவன். ஸ்பானிய ஓவியர் ஹேசுஸ் பிளாஸ்கோவின் படங்களில் நிழல்தான் அதிகம்.

மெசினில் விரலிழந்த எம்மவர் ஒருவர் அந்தப் பக்கத்தைத் திருப்பவேயில்லை. "வேலைத்தலத்தில் எங்களிலும் கைதானே தெரியுது" என்றார்.

இரவு வேலையால் வந்தால், தமிழ்ப் பாடப்புத்தகத்தைத் தொடாத பெடியன் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருக்கிறான். சின்னப்பிள்ளைகள் பயப்படுவர், கவனம். அவன் கேட்பதோ, "அடுத்த புத்தகம் எப்ப வருமப்பா?"